குதிரைக்குட்டியின் ராச்சாப்பாடு

கல்யாணமான இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் ஜட்காவுக்கென்று ஒரு பெட்டைக் குதிரைக்குட்டியை வாங்கிவந்தார். செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்கு மல்லாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். சிங்கவரம், பனமலை என்று கொள்முதலுக்கு அலைகிறவருக்கு வண்டி தேவைதான். அதற்குப் பழகின குதிரையாகப் பார்த்திருக்கலாம். இரண்டு வயசுகூட ஆகாத குட்டிமேல் ஆசைப்பட்டுவிட்டார் மனுஷர். "பழக்கிக்கலாம்" என்றார். யார் பழக்குவது? நான்தான்.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தால் எங்கள் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. அந்தச் சட்டம் குட்டிக்கும் வந்து சேர்ந்தது. காலையில் ஒரு சட்டி ஊறின கொள்ளு, சாயங்காலம் இன்னொரு சட்டி, கூடக் கொஞ்சம் புல். அப்புறம் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். எறும்புச் சாரி போனால் சுற்றிக்கொண்டு போகிற ஆள். நம் வீட்டு ஜீவனுக்கும் புண்ணியம் சேரட்டுமே என்கிற ஆசைதான்.

குட்டி நாளுக்கு நாள் இளைத்தது. பஸ் ஹாரன் கேட்டால் வெடவெடவென்று நடுங்கும். கட்டின கம்பத்தைப் பல்லால் கடித்துக் கரண்டி வைத்திருந்தது. பல் முளைக்கிற அரிப்பு என்றார் அவர். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், தரையில் விழுந்து புரளுகிறது. வேர்த்துக் கொட்டுகிறது. தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்க்கிறது. ஐயோ, செத்துப்போய்விடும் என்று நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிப்போய் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டர் மருந்தைப் புகட்டி, குட்டியை எழுப்பி மெதுவாக நடக்கவைத்தார். கம்பத்தைப் பார்த்தார். "ராத்திரிக்கு இன்னா போடறீங்க?"

என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க வீட்ல ராத்திரி யாரும் சாப்பிடறதில்லீங்க" என்றார்.

"நான் உங்களைக் கேக்கலீங்க. குதிரையைக் கேட்டேன்."

அவ்வளவு பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. "தாயை விட்டு வந்த குட்டி, ஏற்கெனவே டென்ஷன்ல இருக்குது. குதிரை வயிறு எந்நேரமும் புல்லை அரைச்சிக்கினே இருக்கணும். காலியாப் போட்டா புண்ணாயிடும். பசியோட இருக்கறதுக்கு ஒரே முட்டா கொள்ளைக் கொட்டினா வலிதான். கொள்ளைக் கொறைங்க, புல்லு விடியற வரைக்கும் இருக்கட்டும். இன்னொரு தபா இப்டி வந்தா பொழைக்காது."

டாக்டர் சைக்கிள் தெருமுனை தாண்டியதும் எங்கள் சண்டை ஆரம்பித்தது.

"இருட்டுல புல்லோட பூச்சியும் சேந்து போவும். அந்தப் பாவம் நமக்கு வேணாம்" என்றார்.

"அது சாவறது பாவமில்லியா? விரதம் வேணும்னு அது கேட்டுச்சா? காலி வயித்தோட படுத்தா நெஞ்சு எப்டி எரியும்னு உங்களுக்கு இன்னா தெரியும்? வயித்துல அஞ்சு மாசப் புள்ளைய வெச்சிக்கினு தெனம் நான் படறேன். அதையாவது விட்டுடுங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது தலையில் ஒரு புல்லுக்கட்டு. கடைக்காரர் தலையில் புல்லுக்கட்டா என்று தெருவே பார்த்தது. உட்கார்ந்து ஒவ்வொரு பிடியாக உதறிப் பூச்சி பார்த்து, வெளிச்சம் இருக்கும்போதே தொட்டி நிறைய நிரப்பினார்.

விடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் கொட்டிலுக்கு ஓடினோம். குட்டி நின்றுகொண்டிருந்தது. தொட்டியில் ஒரு துரும்பு இல்லை. கீழே லத்தி கிடந்தது, உருண்டை உருண்டையாக, ஜோராக. லத்தியைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்ட புருஷன் பெண்சாதி செஞ்சியில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"உனக்கு எத்தினி நாளா இப்டிப் பசிக்குது?"

"மூணு மாசமா."

"சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லியே."

அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு அவரே அவல் நனைத்து, தேங்காயும் வெல்லமும் போட்டு என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அவர் விரதத்தை அவர் விடவில்லை. ஆனால் நான் கிண்ணத்தை வழித்து முடிக்கிறவரை எழுந்து போகவுமில்லை.