எங்கள் வீட்டுக் கணினி தமிழ் கற்ற சனிக்கிழமை

என் கணவருக்குத் தமிழ்ப்பற்று வந்து நான் பார்த்ததே இல்லை. தமிழாசிரியை ஒருத்தியைக் கட்டிக்கொண்டதோடு தன் கடமை முடிந்தது என்று இருந்தவர். அவருக்கு அந்தப் பற்று வந்ததுதான் வந்தது, நான் எம்.ஃபில். ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால் பார்த்து வந்தது.

அப்போது ஊரப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் கணினி. அதில் ஏதோ வைரஸ் புகுந்துவிட்டிருந்தது. ஒரு பத்தி அடித்து முடிப்பதற்குள் தானாக அணைந்து, தானாகவே எழுந்திருக்கும். ஒவ்வொரு வரிக்கும் சேமித்துச் சேமித்துத்தான் என் ஆய்வை அடித்து முடித்தேன். என் கணவருக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. அங்கே கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் லினக்ஸ் சிடி ஒன்றைக் கொடுத்து, "இதப் போடு மச்சான், வைரஸ்ங்கிற பேச்சே இருக்காது" என்று சொல்லியிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு எடுத்துவிட்டு மதியம் வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் காபி வந்தது. கேட்காமல் காபி வருகிற வீடு அல்ல எங்கள் வீடு. என்னவோ நடந்திருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"வைரஸ் போயிடுச்சு. லினக்ஸ் போட்டுட்டேன்" என்றார். "உனக்குப் பிடிக்குமேன்னு எல்லாமே தமிழ்லயே போட்டிருக்கேன். என்ன மொழின்னு கேட்டுச்சு, தமிழ்னேன். என்ன கீபோர்டுன்னு கேட்டுச்சு, அதுக்கும் தமிழ்னேன்."

"என் தீசிஸ் எங்க?"

"அது டி டிரைவ்லதானே இருந்துச்சு? நான் சி-ய மட்டும்தான் அழிச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "அப்படித்தான் நினைக்கிறேன்" என்றார்.

அந்த 'நினைக்கிறேன்' என் தலையில் இடியாக விழுந்தது. வண்டலூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் உள்ள ஊர்ப்பெயர்கள்தான் என் ஆய்வு. இரண்டு வருடம், லீவு நாளெல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் நின்று, 'உங்க ஊருக்கு ஏன் இந்தப் பேரு' என்று கேட்டு, பைத்தியம் என்று பேர் வாங்கிச் சேர்த்தது. வீட்டில் அதற்கு வைத்திருந்த பெயர் 'டைப்பிங்'. "டைப்பிங் முடிஞ்சுதா?" என்று கேட்பாரே தவிர, என்ன எழுதுகிறாய் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கே எனக்கென்று நான் செய்த ஒரே காரியம் அது. ஏற்கெனவே ஒரு தடவை கெடு நீட்டித்துக் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. நகல் எடுத்து வைத்திருந்த ஃப்ளாப்பி போன மாதமே செத்துப்போயிருந்தது. கையால் எழுதிய தாள்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருந்தேன்.

"சரி, திறந்து காட்டுங்க" என்றேன்.

அங்கேதான் சிக்கல். கணினி எழுந்தது. அழகான நீலத்திரையில் அவர் பெயரும், பக்கத்தில் ஒரு பொம்மைப் படமும் வந்தன. படத்தைச் சொடுக்கினால் மேல் பெட்டியில் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கீழ்ப் பெட்டியில் கடவுச்சொல்லை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அடித்தார். வரிசையாக நட்சத்திரக் குறிகள் விழுந்தன. 'உள்நுழைவு தோல்வி' என்றது. மறுபடி அடித்தார். மறுபடி தோல்வி. கேப்ஸ் லாக்கைப் பார்த்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தார். அதுவும் அசராமல், நல்ல செந்தமிழில், தோல்வி என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"பாஸ்வேர்டு மறந்துட்டீங்க."

"நேத்து வெச்ச பாஸ்வேர்டா? இன்னிக்குக் காலையில வெச்சதுடி!"

நண்பருக்குப் போன் போட்டார். நண்பர் துளியும் யோசிக்கவில்லை. "மறுபடி இன்ஸ்டால் பண்ணிடு மச்சான், அரை மணி நேர வேலை" என்றது எனக்கே கேட்டது. முதல் தடவையே எதை அழித்தோம் என்று நிச்சயமாகத் தெரியாத மனிதர் இரண்டாம் தடவை எதையெல்லாம் அழிப்பார்? நான் அந்த சிடியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "டி-ல கை வெச்ச மாதிரி ஞாபகம் இல்ல" என்றார். நான் ரசம் ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனோம். போதகர் காணாமற்போன ஆட்டைப் பற்றிப் பேசினார். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அன்றைக்குத்தான் அந்த மேய்ப்பனின் பதற்றம் புரிந்தது. கண்ணை மூடி, ஆண்டவரே, டி டிரைவைக் காப்பாற்றும் என்று ஜெபித்தேன். அப்படி ஒரு ஜெபத்தை அந்தச் சபையில் அதற்கு முன் யாரும் ஏறெடுத்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "நகருங்க, நான் ஒரு தடவை அடிக்கிறேன்" என்று உட்கார்ந்தேன். பதற்றத்தில் கீழ்ப் பெட்டியைச் சொடுக்க மறந்துவிட்டேன். அவர் சொல்லச் சொல்ல, விசைப்பலகையைப் பார்த்தபடியே கடவுச்சொல்லை அடித்துவிட்டு நிமிர்ந்தால், அது மேலே பெயர்ப் பெட்டியில் விழுந்திருக்கிறது. அந்தப் பெட்டியில் நட்சத்திரம் கிடையாது. அடித்தது அடித்தபடி தெரியும். தெரிந்தது. எந்த அர்த்தமும் இல்லாத, ஒன்றோடொன்று ஒட்டாத ஏழெட்டுத் தமிழ் எழுத்துகள்.

"ஏங்க, இங்க பாருங்க. இது தமிழ்ல அடிக்குது!"

அவர் குனிந்து பார்த்தார். கடவுச்சொல்லை வைத்தபோது இருந்தது ஆங்கிலம். அவர் ஆசைப்பட்டுக் கேட்ட தமிழ் விசைப்பலகை அதற்குப் பிறகுதான் வேலைக்கு வந்திருக்கிறது. நேற்றிலிருந்து நாங்கள் அடித்த ஒவ்வொரு எழுத்தும் தமிழாகப் போய் விழுந்திருக்கிறது. நட்சத்திரக் குறிக்கு மொழி ஏது? எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது.

"மொழி மாத்த எந்த சாவின்னு கூடக் கேட்டுச்சு" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்த்துன்னு நினைக்கிறேன்."

இந்தத் தடவை அவர் நினைத்தது சரி. இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டு அடித்தேன்; கதவு திறந்தது. இருவரும் ஒரே நேரத்தில் "அப்பாடா" என்றோம்.

உள்ளே போனால், எல்லாம் தமிழ். அடைவு, தொகு, மீள்செய் என்று ஏதேதோ. தமிழாசிரியையான எனக்கே பாதி புரியவில்லை. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் இது என்னவாக இருக்கும் என்று யோசித்துத்தான் சொடுக்க வேண்டியிருந்தது. டி டிரைவ் என்று எதுவும் கண்ணில் படவில்லை. அவர் ஒவ்வொரு அடைவாகத் திறந்து மூடிக்கொண்டே போனார். எச்டிஏ ஐந்து என்று வண்டி நம்பர் மாதிரி ஒரு பெயர் இருந்தது. அதைத் திறந்தார். என் வினாத்தாள்கள், ஞாயிறு பள்ளி விழாப் படங்கள், 'தீசிஸ் ஃபைனல்', அதற்குக் கீழே 'தீசிஸ் ஃபைனல் ஃபைனல்'. லினக்ஸில் டி-க்கு அதுதான் பெயராம். பெயர் மாறியிருந்ததே தவிர ஆள் அதே ஆள். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு நேரம் கழித்து அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

கோப்பைத் திறந்தார். திரை நிறைய ஆங்கில எழுத்துகள். வார்த்தையும் இல்லை, வாக்கியமும் இல்லை. நடுநடுவே அரைப்புள்ளிகள்.

"போச்சு" என்றார். முகம் வெளிறிவிட்டது. "வைரஸ் தின்னுடுச்சு போல."

எனக்கும் முதலில் அழுகைதான் வந்தது. ஆனால் அழுதுகொண்டே பார்த்ததில் ஒரு இடத்தில் கண் நின்றது. ஜே, கே, பி, ஓ, அதை ஒட்டி ஒரு அரைப்புள்ளி. என் விரல்கள் மடியிலேயே தானாக அசைந்தன. 'தமிழ்' என்று அடிக்க நான் தட்டுகிற விசைகள் அவை, அதே வரிசையில். தாம்பரத்தில் தட்டச்சுப் பள்ளியில் 'யளனக, யளனக' என்று விரல் ஒடிய அடித்துப் பழகியவள் நான். அடுத்த வார்த்தையையும் விரலால் படித்தேன். அதற்கடுத்ததையும். கண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விரலுக்கு எல்லாம் விளங்கியது.

"எதுவும் போகலைங்க. எல்லாம் அப்படியே இருக்கு. தமிழ் ஃபான்ட் மட்டும்தான் இல்ல. அது சி-ல இருந்துச்சு. நீங்க அழிச்சுட்டீங்க."

ஆங்கிலம் என்று நினைத்த கடவுச்சொல் தமிழாக இருந்தது. தமிழில் எழுதிய ஆய்வு ஆங்கிலமாகக் கிடந்தது. எங்கள் வீட்டில் மொழிப்பற்று செய்த வேலை.

ரயிலைப் பிடித்துத் தாம்பரம் போனோம். நான் ஆய்வேட்டை அச்செடுக்கச் சொல்லிவைத்திருந்த டிடிபி கடை, ஸ்டேஷனுக்கு மேற்கே. கடைக்காரர் பாய் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பார். ஆய்வுக் கோப்பையே எடுத்து வந்திருக்கலாம். அதைத் தொடவே எனக்குப் பயம்.

"பாய், அந்த ஃபான்ட்ட ஒரு ஃப்ளாப்பில போட்டுக் குடுங்க."

"நாளைக்குத்தானேக்கா பிரிண்ட்டு? இன்னும் முடிக்கலியா?"

"முடிச்சாச்சு பாய். கண்ணுக்குத்தான் தெரியல."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஃப்ளாப்பியைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, நண்பர் போனில் சொன்ன இடத்தில் ஃபான்ட்டைப் போட்டுவிட்டுக் கோப்பைத் திறந்தோம். பக்கம் முழுக்கத் தமிழ். நான் நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். அவ்வளவு நிம்மதியாக நான் அழுததே இல்லை. பிரசவம் முடிந்ததற்கு நிகரான நிம்மதி என்று சொன்னால் பெண்கள் ஒப்புக்கொள்வார்கள்.

"எங்கயாவது எழுத்து உடைஞ்சிருந்தா? நான் படிச்சுப் பாக்குறேன், நீ படு" என்றார். நான் படுக்கவில்லை. அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்க, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். முதலில் அச்சுப்பிழை பார்க்கிற குரல்தான். வண்டலூரைத் தாண்டியதும் குரல் மாறியது. "பாக்கம்னா கடற்கரை ஊரா? நமக்குக் கடல் எங்க இருக்கு?" என்றார். "அடுத்த பக்கத்துல இருக்கு, படிங்க" என்றேன். படித்தார். "இந்த டீக்கடைத் தாத்தா சொன்னது நெஜமா?" என்றார். "கதைதான். கதைன்னு கீழ எழுதியிருக்கேன் பாருங்க." காபியை நான் போட்டு வந்து வைத்தேன். ஆறிப்போகும்வரை அவர் அதைத் தொடவில்லை.

முகப்புப் பக்கம் தனிக் கோப்பு. அதைக் கடைசியில் திறந்தார். பார்த்தவர் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"ஒரு எழுத்த முழுங்கிடுச்சு" என்றார். ஆய்வின் தலைப்பில், கொட்டை எழுத்தில், 'ஊரபாக்கம் வட்டார ஊர்ப்பெயர்கள்' என்று இருந்தது. நடுவில் 'ப்' இல்லை. அவர் ஃபான்ட்டை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். அணைத்துத் திறந்தார். மற்ற பக்கங்களுக்குப் போய் ஒவ்வொரு 'ப்'பாகத் தேடினார். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. இந்தப் பக்கத்தில் மட்டும் வரவில்லை.

நான் ஃபான்ட்டை மாற்றி, அந்த ஆங்கில எழுத்துகளை விரலால் தட்டிப் பார்த்தேன். 'ப்' அங்கேயும் இல்லை. அது விழுங்கப்படவில்லை, நான் அடிக்கவே இல்லை. அந்த 'ப்' ஏன் அங்கே மிகுந்து வருகிறது என்று மூன்றாம் இயலில் இரண்டு பக்கம் எழுதியவள் நான்! வழிகாட்டிப் பேராசிரியை அந்த முகப்புப் பக்கத்தை இரண்டு தடவை திருத்திக் கொடுத்திருந்தார். பாய் மாதிரிக்கு ஒன்று அச்செடுத்துக் காட்டியிருந்தார். நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

"இது லினக்ஸ் பண்ணது இல்லையே?" என்றார் அவர். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

"இல்லைங்க. நான் பண்ணது."

அவர் நாற்காலியில் சரிந்து ஒரு பெருமூச்சு விட்டார். சனிக்கிழமையிலிருந்து என்னைவிட அவர் பயந்துபோயிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

'ப்'பைப் போட்டேன். மறுநாள் ஆய்வேட்டைக் கொடுத்தேன். அதற்கப்புறம் அந்த ஏட்டை எத்தனையோ பேர் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். முதலிலிருந்து கடைசி வரை படித்த ஆள் என் கணவர் ஒருவர்தான்.