அன்னூர் வண்டியின் நாலாவது கியர்

அந்த வெள்ளைக் கார் ஐந்தாவது முறையாக எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தபோது, வாட்ச்மேன் என்ன கம்ப்ளெயின்ட் என்று கேட்கவே இல்லை. "பாய், உங்க அன்னூர் வண்டி வந்துருச்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் மட்டும் கொடுத்தார். வாங்கி எட்டு மாதம்கூட ஆகாத வண்டி. கழுவித் துடைத்து, டேஷ்போர்டில் ஒரு முழம் மல்லிகைப் பூவோடு நின்றது. ரிப்பேருக்கு வந்த வண்டி மாதிரியே இருக்காது. கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி இருக்கும்.

இது தொண்ணூறுகளில் நடந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு கார் டீலரின் சர்வீஸ் ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் வேலை பார்த்தேன். நான் அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் முன்னால் பேச வராது. வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதே இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு அந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லலாம் என்று எழுதுகிறேன். அதில் நான் செய்த தப்பு ஸ்பேனர் பிடித்துச் செய்த தப்பு இல்லை.

1. முதலாளி ஏறினால்தான் வரும் கம்ப்ளெயின்ட்

வண்டி அன்னூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த வேலுச்சாமி என்பவருடையது. ஓட்டியவர் மாரப்பன். அந்த வீட்டில் இருபது வருடத்துக்கு மேலாக டிரைவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள், சட்டையின் மேல் பட்டன்வரை போட்டிருப்பார்.

கம்ப்ளெயின்ட் இதுதான். நாலாவது கியரில் வண்டி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ, ரோட்டில் சின்னக் குழி வந்தாலோ, கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். மறுபடி மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி போகாது. பின்னால் லாரி வரும்போது இப்படி ஆனால் என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் தடவை கியர் ஆயில் மாற்றினோம். இரண்டாவது தடவை கியர் லீவர் புஷ்ஷும் இன்ஜின் மவுன்டிங்கும் மாற்றினோம். மூன்றாவது தடவை கியர்பாக்ஸை இறக்கி, சிங்க்ரோ ரிங், ஸ்லீவ், செலக்டர் ஃபோர்க் எல்லாம் புதிதாகப் போட்டேன். கியரை நகர்த்திப் பிடித்துக்கொள்வது இந்த ஃபோர்க்தான்; கழற்றியதைக் கையில் வைத்துப் பார்த்தேன். தேய்மானமே இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நான்காவது தடவை கம்பெனியிலிருந்து புது கியர்பாக்ஸே வந்தது.

ஒவ்வொரு தடவையும் ரோடு டெஸ்ட் போனோம். நீலம்பூர் வரைக்கும் போய்த் திரும்புவோம். மேனேஜர் ஓட்டினார், நான் ஓட்டினேன். நாலாவது கியர் பாறை மாதிரி நின்றது. சரியாகிவிட்டது என்று வண்டியைக் கொடுப்போம். பத்து நாளில் திரும்பி வரும்.

"நான் மட்டும் ஓட்டுனா ஒண்ணும் ஆகறதில்லீங்க. மொதலாளி அவிய ஏறுனாத்தானுங்க கழலுது" என்று மாரப்பன் ஒருமுறை ரிசெப்ஷனில் சொன்னார்.

மேனேஜர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, வண்டிக்கு மொதலாளியக் கண்டா பயமா? இல்ல உங்களுக்கா?"

அங்கே நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாரப்பனும் மரியாதைக்குச் சிரித்தார். ஜாப் கார்டில் வழக்கம்போல 'கியர் ஸ்லிப்' என்று மட்டும் எழுதினார்கள். அவர் சொன்னதை எழுதவில்லை.

2. நான் தலையாட்டியது

ஐந்தாவது தடவை வேலுச்சாமி ஐயாவே கூட வந்துவிட்டார். நல்ல உயரம், கனத்த உடம்பு. சத்தம் போடுகிற ஆள் இல்லை. "புது வண்டிங்க. ரோட்டுல நின்னு போகுது. ஊட்டுல பொம்பளைங்க ஏறப் பயப்படறாங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினியரும் வந்திருந்தார். வண்டியை ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. போட்டது புது கியர்பாக்ஸ், அதற்கு மேல் மாற்ற எதுவும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டே மாரப்பனைக் கேட்டார்.

"ஓட்டும்போது இடது கையை எங்க வெப்பீங்க?"

"ஸ்டீயரிங்குலதானுங்க."

"கியர் லீவர் மேல?"

"கியர் போடறப்ப வெப்பனுங்க."

இன்ஜினியர் வேலுச்சாமி ஐயா பக்கம் திரும்பினார். "சார், இது டிரைவர் ஹேபிட். பழைய ஆளுங்க லீவர் மேலேயே கையைப் போட்டுக்கிட்டு ஓட்டுவாங்க. வெயிட் தாங்காம கியர் கழலும். எத்தனை பாக்ஸ் மாத்தினாலும் இதான் நடக்கும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க பாய். லீவர் மேல கை வெச்சு ஓட்டினா கழலுமா, கழலாதா?"

கழலும். அது உண்மைதான். எந்த மெக்கானிக்கும் ஆமாம் என்றுதான் சொல்வான். ஆனால் இந்த வண்டியின் ஃபோர்க் தேயவில்லை. மாதக்கணக்கில் ஒரு கை அதை அழுத்தியிருந்தால் தேய்ந்திருக்கும். இதைச் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. மேனேஜர், இன்ஜினியர், வண்டியின் சொந்தக்காரர் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மாரப்பன் என்னை ஒரு முறை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெரிய டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நோயாளி பார்ப்பானே, அப்படிப் பார்த்தார்.

3. ஒரு டிரைவர் டிரைவிங் கற்றுக்கொள்ள வந்தார்

அடுத்த வாரம் மாரப்பன் வண்டி இல்லாமல் பஸ்ஸில் வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன்.

"சாப்பிடுங்க பாய், சாப்பிடுங்க. நான் நிக்கறனுங்க."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மொதலாளி ஒண்ணும் வையலீங்க. ஒண்ணாந்தேதிலருந்து வேறொரு பையன் வாரான், நீ தோட்டத்துல மோட்டாரப் பாத்துக்க மாரப்பான்னு சொல்லிப்போட்டாங்க. அது தப்பில்லீங்க. வண்டியால ஒரு உசுரு போகக் கூடாதல்ல." தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்குச் செரமமில்லீன்னா, கை எப்பிடி வெக்கோணும்னு எனக்கு ஒருக்கா காட்டிக் குடுங்க பாய். நான் வெக்கறதில்லீன்னுதான் நெனைச்சுட்டிருந்தனுங்க. எனக்கே தெரியாம வெச்சுக்கறன் போல. இன்னும் பத்து நாளு இருக்குது. பழகிக்குவனுங்க."

நான் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். நான் பிறப்பதற்கு முன்பே ஸ்டீயரிங் பிடித்த மனிதர் அவர். என் ஒரு தலையாட்டலில் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வண்டி எங்கியாவது போகுதுங்களா?" என்று கேட்டேன்.

"கருமத்தம்பட்டிக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போறாங்க."

"நானும் வாரேன். உங்களுக்குப் பக்கத்துல உக்காந்து கையப் பாக்கறேன்."

எனக்கு லீவு நாள் அது. கூப்பிடாத வண்டியில் போய் ஏறியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

4. அன்னூரிலிருந்து கருமத்தம்பட்டி

ஞாயிறு காலை அன்னூரில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். வேலுச்சாமி ஐயாவின் மனைவி சரசம்மா, "ஏனுங்க பாய், லீவு நாள்லயும் வேலைங்களா? மொதல்ல ஒரு வாய் காப்பி குடியுங்க" என்று டம்ளரை நீட்டினார்.

முன் சீட்டில் மாரப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் ஐயாவும் சரசம்மாவும். கால் வைத்ததும் மெத்தென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே துண்டாக, சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட ஜமுக்காளம். இரண்டு மடிப்பாக வைத்துக் கெட்டியாகத் தைத்திருந்தார்கள். கியர் லீவருக்கு மட்டும் நடுவில் ஓட்டை.

நான் பார்ப்பதை சரசம்மா கவனித்துவிட்டார். "பவானில சொல்லி வாங்குனதுங்க. அவிய தோட்டத்துச் சேத்தோட ஏறிருவாங்க. கம்பெனி கார்ப்பெட்டு பாழாப் போகுதுன்னு வண்டி வந்த வாரமே தெச்சுப் போட்டுட்டேன்."

அந்த வண்டியை ஐந்து தடவை தொட்டவன் நான். இந்த ஜமுக்காளத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

வண்டி கிளம்பியது. மாரப்பன் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி ஓட்டினார். கியர் மாற்றிய உடனே கையை ஸ்டீயரிங்குக்குக் கொண்டுபோய்விடுவார். நாலாவது போட்டார். வண்டி வேகமெடுத்தது. பின்னாலிருந்து சரசம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

"பாருங்க பாய், இவிய இத்தா பெரிய ஆளு. வண்டி சித்த வெசையாப் போனாப் போதும், ரண்டு காலையும் முன்னால ஊனிக்குவாங்க. பிரேக்கு தன்ர கால்லதான் இருக்குதுன்னு நெனைப்பு."

"சும்மா இரு" என்றார் ஐயா.

ஒரு சின்னப் பாலம் வந்தது. வண்டி லேசாகக் குலுங்கியது. டக் என்று கியர் கழன்றது. இன்ஜின் கத்தியது.

மாரப்பனின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. நான் கண்ணால் பார்த்தேன். லீவரைப் பார்த்தேன். ஜமுக்காளம் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து, லீவருக்குப் பின்பக்கம் ரப்பர் உறைக்கு அடியில் மொத்தையாக மடிந்து நின்றது. நாலாவது கியர் விழ லீவர் முழுசாகப் பின்னால் வர வேண்டும். மடிப்பு அதை அரை விரல்கடை முன்னால் தள்ளியிருந்தது. கியர் பாதிதான் கடித்திருந்தது. குலுங்கினால் கழலாமல் என்ன செய்யும்? அந்த மாடலில் ஹேண்ட்பிரேக் டேஷ்போர்டுக்குக் கீழே. நடுவில் ஜமுக்காளத்தைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் வரவில்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் காலால் வந்த வினை என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அதுவும் அந்த அம்மா ஆசையாகத் தைத்த ஜமுக்காளம். போன தடவை இதே மாதிரிதான் வாய் வராமல் தலையை ஆட்டினேன் என்பது நினைவுக்கு வந்தது.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. காலை ஒருக்கா தூக்கி சீட்டு மேல வெச்சுக்குங்க" என்றேன். மடிப்பை இழுத்துச் சரி செய்தேன். "மாரப்பண்ணா, எடுங்க. நாலாவதுல போங்க. எல்லாக் குழிலயும் எறக்குங்க."

ரோட்டில் இருந்த குழி எதையும் அவர் விடவில்லை. கியர் அசையவில்லை. ஐயா அவ்வளவு பெரிய உடம்போடு சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மைல் போன பிறகு, "இப்ப காலைக் கீழ வெச்சு வழக்கம்போல ஊனுங்க" என்றேன். ஊன்றினார். அடுத்த குழியில் டக்.

ஐயா குனிந்து தன் காலடியைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அப்ப மாரப்பன் கையில்ல. என்ர காலு."

"ஜமுக்காளமுங்க" என்றேன் அவசரமாக.

"ஏம் பாய், அஞ்சு தடவ வந்துச்சே வண்டி. அவ்வளவு பேரு பாத்தீங்க. இந்த ஜமுக்காளம் ஒருத்தர் கண்ணுக்கும் படலியா?"

எனக்கும் அதுதான் புரியவில்லை. மாரப்பன் மெதுவாகச் சொன்னார். "சர்வீசுக்கு உடறதுக்கு மொத நாளே ஜமுக்காளத்தக் கழட்டித் தொவைச்சுக் காயப் போட்டுருவனுங்க. வண்டியக் கழுவிப் பூ வெச்சுத்தான் கொண்டு போவேன். அழுக்கு வண்டிய நாலு பேரு கையில குடுக்கலாமுங்களா?"

சரசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு இறங்கி, அவரே ஜமுக்காளத்தை உருவிச் சுருட்டி டிக்கியில் போட்டார். "கட்டில்ல விரிக்க ஆகும்" என்றார்.

ஐயா பின் கதவைத் திறந்து இறங்கினார். என்னைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, மாரப்பனுக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தார். அந்தப் பையனை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவோ, மன்னிப்பாகவோ எதுவும் சொல்லவில்லை. "எடு மாரப்பா. கைய எங்க வேணாலும் வெச்சு ஓட்டு" என்றார். ஒண்ணாந்தேதிக்குப் பிறகும் மாரப்பன்தான் ஓட்டினார்.

5. பிறகு

திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு கியர்பாக்ஸையே மாத்தியிருக்கோம் பாய். கம்பெனிக்கு நான் ஜமுக்காளம்னு எப்பிடி எழுதறது?" எழுதத்தான் வேண்டும் என்றேன். தேயாத ஃபோர்க்கைப் பற்றியும் சொன்னேன். அன்று தலையாட்டியது தப்பு என்றும் சொன்னேன். நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் எழுதினார்.

தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். வண்டி எப்படி ஓடுகிறதோ அப்படியே பார்க்க வேண்டும். யார் ஏறுகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், உள்ளே என்ன கிடக்கிறது என்று ஓட்டுகிறவரைக் கேளுங்கள். அவர் சொல்வது சிரிப்பாக இருந்தாலும் ஜாப் கார்டில் எழுதுங்கள். 'மொதலாளி ஏறுனாத்தான் கழலுது' என்று மாரப்பன் சொன்னதை எழுதியிருந்தால், அப்போதே முதலாளியையும் ஏற்றிக்கொண்டு, அவர்கள் தினமும் போகிறபடியே ஓட்டிப் பார்த்திருப்போம். தெரிந்த ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டாதீர்கள். அதனால் போவது அடுத்தவரின் பிழைப்பு.

அடுத்த ரெகுலர் சர்வீஸுக்கு, வண்டியைக் கழுவாமல் அப்படியே கொண்டுவர வேண்டும் என்று மாரப்பனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தார். செம்மண் புழுதி, சீட்டில் தேங்காய் நார், கீழே காய்ந்த சேறு. பூ இல்லை. கேட்டில் இறங்கியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அழுக்குச் சட்டையோடு கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி ஒதுங்கி நின்றார்.

"நீங்க சொன்னீங்கன்னு ஒண்ணும் பண்ணலீங்க பாய்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஸ்டீயரிங்க மட்டும் தொடச்சுட்டனுங்க. நீங்க கை வெக்கோணுமல்ல."