பேனர் இல்லாத ஒரு போட்டோ

1. நாற்பத்திரண்டு படங்கள்

செவ்வாய்க்கிழமை காலை. டாக்டர் ரேவதி மேடம் கம்ப்யூட்டரில் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். மொத்தம் நாற்பத்திரண்டு. கடைசிப் படமும் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நஜீர் அண்ணா, இதுல ஃபில்டர் எங்க இருக்கு?"

நான் குனிந்து பார்த்தேன். எட்டு மாணவர்கள் வரிசையாக நின்று ஒரு ஃபிளெக்ஸ் பேனரைப் பிடித்திருந்தார்கள். பேனரில் எங்கள் கல்லூரியின் பெயர், லோகோ, நிறுவனர் அய்யாவின் சிரித்த முகம்.

"பேனருக்குப் பின்னால இருக்கு மேடம்."

"எல்லாப் படத்துலயும் பின்னாலயேதான் இருக்கு."

அந்த நாற்பத்திரண்டு படங்களையும் எடுத்தவன் நான்.

தாம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவில் அலுவலக உதவியாளராக இருக்கிறேன். படிப்பு பத்தாம் வகுப்பு, டைப்ரைட்டிங் ஹையர். வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. பேராசிரியர்கள் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு அனுப்பும் விண்ணப்பங்களை டைப் செய்து, சரிபார்த்து, அனுப்பி வைப்பது என் வேலை. கூச்ச சுபாவம். யாரிடமாவது ஒன்று சொல்ல வேண்டும் என்றால் துண்டுச் சீட்டில் எழுதி அவர்கள் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். என்னைப் போல் கல்லூரி அலுவலகங்களுக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ரேவதி மேடத்தின் ஆராய்ச்சி, கிணற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மலிவான ஃபில்டர். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நீல ட்ரம்கள். மேல் ட்ரம்மில் மணல், ஜல்லி, கரி. கலங்கல் தண்ணீரை மேலே ஊற்றினால் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் ஏற்ற தண்ணீர் கீழே வரும். இரண்டு வருடத்துக்கு முன் பம்மலில் ஒரு தெருவில் ஆறு வீடுகளில் வைத்துப் பார்த்தோம். ஆறு மாதத்தில் ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்று புகார் வந்தது. அதோடு அந்த வேலை நின்றது.

அதைத் தொடர, தில்லியிலிருந்து ஆராய்ச்சிக்கு நிதி தரும் ஒரு அரசுத் திட்டத்துக்கு மேடம் இரண்டு முறை விண்ணப்பித்தார். இரண்டு முறையும் இல்லை என்று வந்தது. இரண்டு பதிலிலும் ஒரே கேள்வி: ஏன் அடைத்துக்கொண்டது? மணல் சரியில்லை, அதற்கு ஒரு பூச்சு பூச வேண்டும் என்று மேடம் எழுதியிருந்தார். அதை அவர்கள் ஏற்கவில்லை. அந்தத் திட்டத்துக்கு வயது வரம்பு உண்டு. அடுத்த தடவை விண்ணப்பம் கேட்கும்போது மேடம் அதைத் தாண்டியிருப்பார். இதுதான் கடைசி வாய்ப்பு. கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

2. கனம்

முன்பெல்லாம் விண்ணப்பம் என்றால் ஏழு நகல். கல்லூரி லெட்டர்ஹெட்டில் முகப்புக் கடிதம், கல்லூரியின் வரலாறு எட்டுப் பக்கம், நிறுவனர் படம், கட்டடங்களின் படம், வாங்கிய விருதுகள். அதற்கெல்லாம் பிறகுதான் ஆராய்ச்சி வரும். ஸ்பைரல் பைண்டிங் போட்டு எங்கள் தாளாளரிடம் கொண்டுபோனால் அவர் திறந்து பார்க்க மாட்டார். கையில் தூக்கிப் பார்ப்பார்.

"இன்னும் கொஞ்சம் கனமா பண்ணு நஜீர். கையில வெச்சா தெரியணும்."

நிறுவனர் அய்யா இவருடைய அப்பா. ஒருமுறை பேனர் இல்லாமல் சில படங்கள் எடுத்துக் கொடுத்தேன். "இது எந்தக் காலேஜ்னு யாருக்குய்யா தெரியும்? ரோட்ல போறவன் எடுத்த மாதிரி இருக்கு" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து பேனர் இல்லாமல் நான் வெளியே போனதில்லை. "நெருங்கி நில்லுங்கப்பா, பேனர் தெரியணும்" என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி அது வாய்ப்பழக்கமாகவே ஆகிவிட்டது.

இந்த ஆண்டு விதி மாறிவிட்டது. எல்லாமே போர்ட்டல் வழியாக. விண்ணப்பம் இரண்டு பகுதி. முதல் பகுதி பத்தே பக்கம். அதில் விண்ணப்பிப்பவர் பெயர், கல்லூரி பெயர், லோகோ, யாரென்று ஊகிக்கக்கூடிய அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. படங்களிலும் கூடாது. இருந்தால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெயர்களெல்லாம் இரண்டாம் பகுதியில். முதல் பகுதிக்கு மதிப்பெண் போட்ட பிறகுதான் அதைத் திறப்பார்கள். ஏற்கெனவே செய்த வேலைக்குப் படமும் கட்டாயம்.

பேனரை மட்டும் மறைத்துப் பார்த்தோம். மிச்சம் இருந்தது எட்டுத் தலைகளும் கொஞ்சம் வானமும்.

"நாளைக்குப் பம்மல் போவோம் அண்ணா" என்றார் மேடம். "உடைஞ்சு கிடந்தாலும் பரவாயில்ல. ட்ரம் தெரியற மாதிரி ஒரே ஒரு படம்."

3. புகார் சொல்லாத வீடு

புதன்கிழமை ரயிலில் பல்லாவரம் போய் அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தோம். முதல் வீட்டில் ட்ரம்மில் சிமெண்ட் மூட்டை இருந்தது. இரண்டாவது வீட்டில் ட்ரம்மே இல்லை. மூன்றாவது வீட்டில் மாடிப்படிக்குக் கீழே கவிழ்த்து வைத்திருந்தார்கள். "உள்ள பச்சைப் பச்சையா வந்துச்சு மேடம். தண்ணி சொட்டுக்கூட எறங்கல" என்றார் அந்த வீட்டுக்காரர். நான்காவது, ஐந்தாவது வீட்டிலும் அதே கதை. மேடத்தின் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது.

ஆறாவது வீடு சந்தின் கடைசியில். மல்லிகா அக்கா வீடு. அந்தப் பக்கம் இரண்டு வருடமாக நாங்கள் போகவே இல்லை. புகார் சொன்ன வீடுகளுக்குத்தான் போனோம். அவர் எந்தப் புகாரும் சொல்லவில்லை.

"யாரு, பாயா? வா, வா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"ட்ரம் இருக்காக்கா?"

"கீது. ஏன், தூக்கிக்கினு போவ வந்தீங்களா?"

"தண்ணி வருதா?" என்று மேடம் கேட்டார்.

"டெய்லி வருது. அஞ்சு பேரு துணி இதுலதான் தொவைக்கிறேன். நீயே வந்து பாரு கண்ணு."

பின்பக்கம் கிணற்றடிக்குப் போனோம். நீல ட்ரம்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. கீழ்க் குழாயைத் திறந்தார். தெளிந்த தண்ணீர் வந்தது. ஆனால் நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. ட்ரம்முக்கு மேலே நான்கு கயிற்றில் ஒரு கூரை கட்டியிருந்தது. அதிலிருந்து நிறுவனர் அய்யா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பேனர்.

இரண்டு வருடத்துக்கு முன் கடைசி நாளில் அதை அங்கே மறந்து வைத்துவிட்டு வந்தேன். போய்க் கேட்கக் கூச்சம். மழையில் கிழிந்துவிட்டது என்று கல்லூரியில் பொய் சொல்லிவிட்டேன்.

"இன்னா பாய் அப்டி பாக்கற? நீ உட்டுட்டுப் போனதுதான். வந்து கேப்பன்னு ஒரு மாசம் மடிச்சி வெச்சிருந்தேன். நீ வர்ல. இங்க தொவைக்க நின்னா வெயிலு மண்டையப் பொளக்குது. எடுத்துக் கட்டிட்டேன். பெரியவரு மூஞ்சி வெயில்ல காயக்கூடாதேன்னு உள்பக்கமா திருப்பி வெச்சிருக்கேன் பாரு."

மேடம் சிரிக்கவில்லை. ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி மேல் ட்ரம்முக்குள் கையை விட்டார். மணலைக் கிளறினார். விரலை முகர்ந்து பார்த்தார்.

"மூடி எங்கக்கா?"

"அது எதுக்கு? நாளு பூரா தண்ணி ஊத்தணும், தெறந்து தெறந்து மூட முடியுமா? அதுல மொளகா காயுது பாரு."

மற்ற ஐந்து வீட்டிலும் இதே காரணத்துக்காகத்தான் மூடியை எடுத்திருப்பார்கள். வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்திருக்கும். பாசி பிடித்திருக்கும். பாசி மணலை அடைத்திருக்கும். இங்கே மட்டும் பேனர் வெயிலை மறைத்துவிட்டது. மேடம் பக்கெட் மேலிருந்து இறங்கவே இல்லை. அங்கிருந்தே சொன்னார்.

"மணல் இல்ல அண்ணா. வெயில். ரெண்டு வருஷமா மணலைத் திட்டிட்டு இருந்தேன்."

"மணலு இன்னா பண்ணுச்சு பாவம்" என்றார் மல்லிகா அக்கா.

படம் எடுக்க வேண்டும். நிழல் கூரை இருந்தால்தான் படத்துக்கு அர்த்தம். அய்யா முகம் தெரிந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். கயிற்றை அவிழ்த்து பேனரைத் திருப்பிக் கட்டினோம். இப்போது கீழிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை.

"இப்போ பெரியவரு வெயில்ல காயறாரே பாய், பரவால்லியா?"

"அவர் கோவிச்சுக்க மாட்டாருக்கா."

"நானும் நிக்கவா? நைட்டில கீறேனே."

"தண்ணி ஊத்துங்கக்கா. அது போதும்."

அவர் குடத்தைச் சாய்த்தார். நான் எடுத்தேன். எண்ணிப் பார்த்தால் ஒரே படம்தான்.

4. பத்து நிமிடம்

அன்று மதியத்திலிருந்து வியாழன் மாலை வரை மேடம் விண்ணப்பத்தை முதலிலிருந்து திருப்பி எழுதினார். மணலுக்குப் பூச்சு என்பது போய், நிழலோடும் நிழல் இல்லாமலும் பன்னிரண்டு வீடுகளில் ஃபில்டரை ஒரு வருடம் ஓட்டிப் பார்ப்பது என்று ஆனது. இரண்டாம் பகுதியில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது: ஆராய்ச்சியாளர் அல்லாமல் இந்தப் பணியில் பங்களித்தவர்கள். "மல்லிகா அக்கா பேரைப் போடுங்க" என்றார் மேடம். போட்டேன். பங்களிப்பு என்ற இடத்தில், நிழல் கூரை அமைத்தவர் என்று டைப் செய்தேன்.

ஃபைலைச் சேமிக்கும்போது அதற்குள் நம் பெயர் தானாகப் பதிந்துவிடும். பலருக்குத் தெரியாது. பிராப்பர்ட்டீஸில் போய் அதையும் நீக்கினேன்.

கடைசியாக ஒன்றுதான் மிச்சம். கல்லூரித் தலைவர் என்ற முறையில் தாளாளரின் ஒப்புதல். முன்பு சீல் குத்தினால் போதும். இப்போது அவர் மொபைலுக்கு ஓடிபி வரும். பத்து நிமிடத்துக்குள் அதைப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மேடத்துக்குப் பிராக்டிகல் தேர்வு ட்யூட்டி. லேபை விட்டு வர முடியாது. மூன்று மணிக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நான் மட்டும் தாளாளர் அறைக்குப் போனேன். வழக்கம்போல் விஷயத்தைச் சீட்டில் எழுதி அவர் முன்னால் வைத்தேன்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. வாயால சொல்லுய்யா."

சொன்னேன். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு பக்கங்களைத் தள்ளினார்.

"பேர் எங்க? லோகோ எங்க? அப்பா போட்டோ எங்க?"

"போடக் கூடாதுன்னு ரூல் சார்."

"அதென்ன ரூல்? மொட்டைக் கடுதாசி மாதிரி இருக்கு. முதல் பக்கத்துலயாவது அப்பா படத்தைப் போடு. அப்புறம் ஓடிபி சொல்றேன்."

தலையாட்டிவிட்டு வெளியே வருவதுதான் என் வழக்கம். அன்று என் கால் நகரவில்லை. படத்தைப் போட்டால் ரேவதி மேடத்துக்கு இனி வேறு வெள்ளிக்கிழமை இல்லை.

"சார், போட்டா பிரிச்சே பாக்க மாட்டாங்க சார்."

"நம்ம பேரைப் பார்த்தா அவ்ளோ இளக்காரமா?"

"நம்ம பேர் மட்டும் இல்ல சார். பெரிய பெரிய காலேஜ் பேரும் கூடாது. அவங்களும் மொட்டைக் கடுதாசிதான். இத்தனை வருஷம் அவங்க பேரைப் பார்த்துட்டுத்தான் நம்மளுதைத் திறந்திருப்பாங்க. இந்த வாட்டி யாருது எதுன்னு தெரியாது சார்."

இவ்வளவு நீளமாக நான் அந்த அறையில் பேசியதே இல்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவங்க லோகோவும் இருக்காதா?"

"இருக்காது சார்."

கொஞ்ச நேரம் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். இதுவரை மறைத்து வைத்திருந்ததையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"இன்னொண்ணு சார். ரெண்டு வருஷம் முன்னாடி பேனர் கிழிஞ்சுபோச்சுன்னு சொன்னேன்ல, பொய் சார். பம்மல்ல விட்டுட்டு வந்துட்டேன். அந்த வீட்டம்மா அதை ஃபில்டருக்கு மேல கட்டியிருக்காங்க. அந்த நிழல்லதான் அது ஒண்ணு மட்டும் ஓடுது. இந்தப் படத்துல இருக்கற வெள்ளைக் கூரை இருக்குல்ல சார், அதுக்கு மேல்பக்கம் அய்யாதான் இருக்காரு."

திட்டுவார் என்று நின்றேன். அவர் லேப்டாப்பை இன்னும் கிட்டே இழுத்து அந்த வெள்ளைக் கூரையையே பார்த்தார்.

"அப்பா சின்ன வயசுல கிணத்துத் தண்ணி தூக்கி வித்தாருய்யா. உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"ரெண்டு வருஷமா அங்க குடை பிடிச்சிட்டு நிக்கறாரா?" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடியும் முன்பே மொபைலைக் கையில் எடுத்துவிட்டார். "அனுப்பு. வருதான்னு பாப்போம்."

ஆறு எண்களையும் அவர் சத்தமாகச் சொல்ல, நான் போட்டேன். பச்சை எழுத்தில் ஏற்கப்பட்டது என்று வந்தது. மணி மூன்றே கால். லேபுக்குப் போய் கதவுக் கண்ணாடி வழியாக மேடத்துக்குக் கட்டை விரலைக் காட்டினேன். உள்ளே மாணவர்கள் இருந்ததால் அவர் தலையை மட்டும் அசைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார்.

5. தள்ளி நில்லுங்க

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. தேர்வாகிவிட்டது. மதிப்பிட்டவர்களில் ஒருவர், ஒரு வீட்டில் மட்டும் ஏன் வேலை செய்கிறது என்று போய்ப் பார்த்தது நல்ல வேலை என்று எழுதியிருந்தார். நாங்கள் அதைப் பார்க்கவா போனோம்? போட்டோ எடுக்கப் போனோம். மேடம் அந்த வரியைப் படித்துவிட்டு, "நாம திட்டம் போட்டுப் போன மாதிரி நினைச்சுட்டாங்க அண்ணா" என்று சிரித்தார்.

தாளாளர் உற்சாகத்தில் நிழல் கூரை போடும் வீடுகளுக்கெல்லாம் அப்பா படத்தோடு புதுப் பேனர் அடிக்கச் சொன்னார். எல்லாக் கூரையும் வெறும் வெள்ளையாக ஒரே மாதிரி இருந்தால்தான் சோதனை சரியாக வரும் என்று மேடம் சொல்லியிருந்தார். அதை நான் சீட்டில் எழுதவில்லை. நேரே போய்ச் சொன்னேன். சரி என்றார். மல்லிகா அக்கா வீட்டில் இருப்பதை மட்டும் கழற்றக் கூடாது என்றார்.

விதி மாறும்போது நாம் முதலில் பார்ப்பது, எதை விடச் சொல்கிறார்கள் என்றுதான். பழகியதை விடுவது பேஜார்தான். ஆனால் அதை எடுத்துவிட்ட பிறகு அந்த இடத்தில் என்ன தெரிகிறது என்று ஒருமுறை பாருங்கள். புகார் சொல்லாத வீட்டுக்கும் போய்விட்டு வாருங்கள். இருபத்தாறு வருடத்தில் நான் கற்றது இவ்வளவுதான்.

போன வாரம் பம்மலில் ஏழாவது வீட்டில் ட்ரம் வைத்தோம். மாணவர்கள் பழக்க தோஷத்தில் ட்ரம்மை மறைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நான் கேமராவை இறக்கினேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா. ட்ரம் தெரியணும்."