அக்காவின் ரத்தத்தில் நான் பார்த்தது

அப்பாவின் தங்கையான என் அத்தை, வடசேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டால், அவள் வேலை முடியும்வரை நான் அங்கேதான் இருப்பேன். என் தொணதொணப்புத் தாங்காமல் சில நேரம் மைக்ராஸ்கோப்பில் பார்க்க விடுவாள். சாயம் போட்ட ரத்தத்தில் வெளிறிய சிவப்பு வட்டங்களுக்கு நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊதா நிறத்தில் வெள்ளையணுக்கள் கிடக்கும். சிலவற்றின் உட்கரு துண்டு துண்டாக இருக்கும், சிலவற்றில் உருண்டையாக. எனக்கே அது பிடிபட்டிருந்தது.

அக்காவின் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் அழைத்து முடித்த நேரத்தில் அவளுக்கு விடாத காய்ச்சல். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். அத்தைதான் ரத்தம் எடுத்துப் போனாள். அன்று மாலை அவள் டாக்டரைக் கூப்பிட எழுந்து போனபோது நான் குனிந்து பார்த்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒரே மாதிரியான பெரிய ஊதா உருண்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வெள்ளையணுக்கள் நோயோடு சண்டை போடும் வீரர்கள் என்று பாடத்தில் படித்திருந்த எனக்கு ஒரே சந்தோஷம்.

டாக்டர் அப்பாவை வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்ததும் படிக்கட்டில் அத்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, இது காய்ச்சல் இல்ல. இண்ணைக்கே அவள திருவனந்தபுரம் கொண்டு போணும்.”

“கல்யாணம் முடியட்டும். இப்பம் வெளிய தெரிஞ்சா அவள எவன் கெட்டுவான்?”

வீட்டில் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “என்னட்டி பாத்தே?” என்று கேட்டாள். உனக்குத்தான் நிறைய வீரர்கள், சீக்கிரம் சரியாகிவிடும் என்றேன். நம்பினாள். கல்யாணப் புடவையை எடுத்து என் தோளில் போட்டு அழகு பார்த்தாள்.

கல்யாணம் நடந்தது. அந்த மாதம் முடிவதற்குள் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். ரத்தப் புற்றுநோயை மறைத்துப் பெண்ணைத் தள்ளிவிட்டீர்கள் என்று மாப்பிள்ளையின் அம்மா எல்லோர் முன்னாலும் கேட்டாள். அப்பா அத்தையைக் கைகாட்டினார்.

“எனக்கு எப்படித் தெரியும்? ரத்தத்தப் பாத்தவ இவ. ஒரு வார்த்த சொல்லலியே.”

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அக்காவின் காலில் விலகியிருந்த துணியை இழுத்து மூடினாள். அதன்பின் அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

படிக்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டவள் நான். ஆனாலும் அத்தை வாய் திறக்காததைப் பார்த்து, தப்பு அவள் மேல்தான் என்று நம்பினேன். அப்பா பொய் சொல்வார் என்பது எனக்கு அப்போது தெரியாது.