அச்சுக்கோப்பவள் ஒரு வகுப்புத் தேடினாள்

1. கை மறுத்த நாள்

ஸ்ரிக் என் இடக்கையிலிருந்து நழுவி விழுந்தபோது அதில் பதினொரு வரி இருந்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரியாக அடுக்குகிற சிறிய இரும்புத் தட்டைத்தான் ஸ்ரிக் என்போம். இடக்கை அதை மார்புக்கு நேரே பிடித்திருக்கும். வலக்கை எழுத்துப் பெட்டிக்கும் ஸ்ரிக்குக்கும் இடையில் நாள் முழுக்க ஓடித் திரியும்.

அன்று நான் அடுக்கிக்கொண்டிருந்தது ஒரு கல்வெட்டு. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், அவருடைய வரலாற்றையும் தேவாரங்களையும் சேர்த்து, முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி அன்று அச்சிட்டுக் கொடுக்கும் சிறு புத்தகத்துக்கு அந்தப் பெயர். அந்தியேட்டியைத் தள்ளிப்போட முடியாது, ஆகவே கல்வெட்டும் பிந்தக் கூடாது. போரால் மின்சாரம் இல்லாமல் அச்சு இயந்திரத்தைக் காலால் மிதித்து, பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சடித்த தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாண நகரத்தில் எங்கள் அச்சகம் மூடாமல் இருந்ததே கல்வெட்டுகளால்தான்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். கீழே கிடந்த எழுத்துகளையும் என் தோளையும் பார்த்தார்.

"பிள்ளை, கல்வெட்டு பிந்தினால் செத்தவர் வந்து கேக்கமாட்டார். மருமக்கள்மார் வந்து கேப்பினம். இந்த மாதம் பாப்பம். கை சரிவராட்டில் நீர் பைண்டிங்குக்கு மாறும்."

பைண்டிங் கேவலமான வேலை இல்லை. தாளை மடிக்க வேண்டும், தைக்க வேண்டும், ஓரம் வெட்ட வேண்டும். ஆனால் எனக்கு எழுத்து வேண்டும். பதினெட்டு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே கெட்டித்தனம் அதுதான். நான் உண்மையிலேயே பயந்துபோனேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என் கையைத் தூக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் அது போகவில்லை.

"தோள் இறுகிக்கொண்டு போகுது. இதுக்குக் குளிசை தந்து பிரயோசனமில்லை. நல்ல தேகப்பியாச வகுப்பாப் பாத்துச் சேருங்கோ."

"நான் ஒவ்வொரு நாளும் சுன்னாகத்திலையிருந்து சைக்கிள்ள வாறன், டொக்டர். அது காணாதோ?"

"அது காலுக்கு."

2. மௌன வகுப்பு

நல்ல வகுப்பு என்றால் எது? அவர் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு ஊரில் என்ன வகுப்பு இருக்கிறது என்று அதுவரை நான் யோசித்ததும் இல்லை. விசாரிக்கத் தொடங்கியதும் ஒரு புது ஆசை பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினேன்.

முதலில் போனது யோகாசன வகுப்பு. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் கோயில் மடமொன்றில் விடியற்காலையில் நடத்தினார். வீட்டுக்குக் கிட்ட, வேலைக்கு முந்தி முடிந்துவிடும், பெண்களுக்குத் தனி வரிசை. இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். அவருடைய வகுப்பில் கதைக்கக் கூடாது. அவர் எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து செய்வார், நாங்கள் பார்த்துச் செய்ய வேண்டும். எங்களுக்குக் குழப்பம் வரக் கூடாதென்று, நாங்கள் வலக்கை தூக்க வேண்டிய இடத்தில் அவர் தன் இடக்கையைத் தூக்குவார். கண்ணாடியில் தெரிகிற மாதிரி. நல்ல மனுசன்.

என்னிடம்தான் அது எடுபடவில்லை. ஈய எழுத்து முகம் மாறித்தான் இருக்கும். இடது வலதாக, வலது இடதாக. இத்தனை வருடம் அதையே வாசித்த கண், எதைக் கண்டாலும் தானாகவே மாற்றிப் போடும். அவர் எனக்காக மாற்றிக் காட்டியதை நான் இன்னொரு தரம் மாற்றினேன். முழு வரிசையும் வலப்பக்கம் சாய்ந்தபோது நான் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து, பக்கத்தில் இருந்த அம்மாவின் மூக்குக் கண்ணாடியைத் தட்டி விழுத்தினேன்.

தபாலதிபர் மௌனத்தைக் கலைத்தார்.

"பிள்ளை, உமக்கு இடது வலது தெரியாதோ?"

"தெரியும் மாஸ்ரர். அளவுக்கு மிஞ்சித் தெரியும். அதுதான் பிரச்சினை."

அவருக்கு விளங்கவில்லை. என்னைக் கடைசி வரிசைக்கு மாற்றினார். அங்கே ஒரு தூண் மறைத்தது. அதோடு அந்த வகுப்பை விட்டேன்.

3. எழுதியில்லாத சட்டம்

பஸ் நிலையத்துக்குப் பின்னால் பெடியன்கள் இரும்பு தூக்குகிற கூடம் ஒன்று இருந்தது. அங்கே சேரப் போகவில்லை, உள்ளே என்னதான் இருக்கிறதென்று பார்க்கப் போனேன். வாசலில் நின்ற பெடியனுக்கு வேர்த்துவிட்டது.

"அக்கா, இஞ்சை பொம்பிளையள் வாறேல்லை."

"வரக்கூடாது எண்டு எங்கையும் எழுதியிருக்கோ?"

அவன் சுவரைத் திரும்பிப் பார்த்தான். "எழுதேல்லை. ஒருத்தரும் வராதபடியா எழுதேல்லை."

நியாயமான பதில். ஆனாலும் நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரில் ஆளுயரக் கண்ணாடி. எங்கள் வீட்டில் இருந்தது முகம் பார்க்கிற கண்ணாடி மட்டுந்தான், ஆகவே முழு உடம்போடு என்னை அன்றுதான் பார்த்தேன். இடத்தோள் காதுக்குக் கிட்ட ஏறி நின்றது. முழங்கை மடிந்து விலாவோடு ஒட்டியிருந்தது. கையில் ஸ்ரிக் இல்லை, ஆனால் கை அதை விடவில்லை.

வீடு வரைக்கும் அதையே கவனித்துக்கொண்டு போனேன். சைக்கிள் ஓடும்போதும் தோள் மேலேதான் இருந்தது. சாப்பிடும்போதும் அப்படித்தான். எப்போது ஏறியது, ஏன் இறங்கவில்லை என்று எனக்கு விளங்கவேயில்லை.

4. எமல்டா ரீச்சர்

குருநகரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர் வேலை செய்கிற பெண்களுக்குப் பின்னேரங்களில் வகுப்பு நடத்துவதாக அறிந்தேன். எமல்டா ரீச்சர் என்னைவிட இளையவர், உயரத்தில் என்னைப் போலவே கட்டை. குருநகர் எனக்கு எதிர்த்திசை, இருட்ட முந்தி சுன்னாகம் போய்ச் சேர முடியாது. இது சரிவராது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

முதல் நாள் அவர் எங்களை ஓடவோ குனியவோ சொல்லவில்லை.

"என்ன வேலை செய்யிறியள்? ஒவ்வொருத்தரா ஒருக்காச் செய்து காட்டுங்கோ."

தையல்காரி வெறுங்காலால் மெஷின் மிதித்தாள். தாதி ஒருத்தி இல்லாத நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கினாள். நான் ஒரு சவர்க்காரப் பெட்டியை ஸ்ரிக்காகப் பிடித்து எழுத்துப் பொறுக்கினேன்.

"அக்கா, கையை ஏன் இவ்வளவு உயரத்தில பிடிக்கிறியள்?"

"எழுத்துப் பெட்டி அந்த உயரத்திலதானே இருக்கு."

"அந்த உயரத்தை ஆர் வைச்சது?"

அச்சகத்தில் அது சுவரும் கூரையும் மாதிரி ஒரு விசயம். யாராவது வைத்ததாக நான் நினைத்ததே இல்லை.

சனிக்கிழமை ரீச்சர் அச்சகத்துக்கே வந்துவிட்டார். முதலாளியிடம் கேட்டபோது விசயம் வெளிவந்தது. அந்த மேசை முதல் அச்சுக்கோப்பாளருக்கென்று செய்தது. வாசலில் குனிந்து வருகிற அளவுக்கு உயரமான ஆளாம். அவர் போய், பிறகு இரண்டு பேர் வந்து போய், நான் வந்து, அந்த உயரம் மட்டும் அப்படியே நின்றது. ரீச்சர் மூலையில் கிடந்த பலகைப் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"ஏறி நில்லுங்கோ அக்கா."

ஏறினேன். முழங்கை தானாகக் கீழே இறங்கியது. எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில் இல்லை, கோபத்தில்.

"உதென்ன, மேடை போட்டுக் கூத்து ஆடப்போறியளோ?" என்றார் முதலாளி.

"ஐயா, நீங்கள் ஒருக்கா இவவின்ரை உயரத்துக்கு முழங்காலை மடிச்சு நிண்டு, ஒரு பந்தி அடுக்கிப் பாருங்கோ" என்றார் ரீச்சர்.

முதலாளி ரோசக்காரர். நின்றார், அடுக்கினார். நாலாவது வரியில் ஸ்ரிக்கை வைத்துவிட்டுத் தோளைப் பிடித்தார்.

"ஏன் பிள்ளை இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"எனக்கே தெரியாது ஐயா. ஒருத்தரும் கேக்கேல்லை."

பலகைப் பெட்டி தோளைச் சுகப்படுத்தவில்லை, மேலும் பழுதாகாமல் தடுத்தது. சுகப்படுத்தியது வகுப்புத்தான். வகுப்பு நாள்களில் நேரத்தோடு வெளிக்கிட முதலாளி விட்டார். "என்னைப் பாக்காதேங்கோ அக்கா, கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்லுறதைக் கேளுங்கோ" என்பார் ரீச்சர். அப்படியே செய்தேன், ஒருவருடைய கண்ணாடிக்கும் சேதமில்லை. மாத முடிவில் கை தலைக்கு மேலே போகவில்லைதான், ஆனால் ஸ்ரிக் விழவில்லை. பைண்டிங் கதையை முதலாளி பிறகு எடுக்கவில்லை.

இப்போது வேலைக்குப் போகிற பிள்ளைகள் வந்து எந்த வகுப்பில் சேரலாம் என்று கேட்கிறார்கள். தூரம், நேரம், வசதி எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். அந்தக் கணக்கில் எனக்கு எல்லாம் பொருந்தியது யோகாசனம், ஒன்றும் பொருந்தாதது குருநகர். ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். முதல் நாள் உன் வேலை என்னவென்று கேட்கிறார்களா என்று பார். கேட்காவிட்டால் அடுத்த இடத்துக்குப் போ.

அந்தச் சனிக்கிழமை ரீச்சர் போன பிறகு, அச்சு இயந்திரம் மிதிக்கிற மணியண்ணையிடம் போனேன். பத்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்கிறோம்.

"அண்ணை, உங்களுக்கு எந்தக் கால் நோகுது?"

மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வலக்கால். உமக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. இப்பதான் கேக்கிறன்."