தின்னரும் சாம்பிராணியும்

பயம் எனக்குப் பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். கரண்ட் போனால் பயம், போன கரண்ட் திரும்பி வந்தால் ஏதாவது வெடித்துவிடுமோ என்று அதற்கும் பயம். இப்படிப்பட்ட ஆள் எதற்கு ஆடு ஏற்றி ஓய்ந்துபோன ஒரு பழைய பிக்கப்பை வாங்கினான் என்று ஆபீஸில் ஆளாளுக்குக் கேட்டார்கள். காரணம் என் மனைவி. ஊர் ஊராகப் போக அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் லாட்ஜ் பாத்ரூமைப் பார்த்தாலே குமட்டும். பின்னால் படுக்கை போட்ட கூண்டு ஒன்றைக் கட்டிவிட்டால் ராமேஸ்வரமோ கொடைக்கானலோ, நம் வீட்டுத் தலையணையிலேயே தூங்கலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

வண்டியை மச்சினனிடம் விட்டேன். என் மனைவியின் தம்பி அவன். சமயநல்லூர் தாண்டி நாலுவழிச் சாலை ஓரமாகப் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கிறான். கலர் கலப்பதில் கெட்டிக்காரன், அதைவிடப் பெரிய பிடிவாதக்காரன். போன வருஷம் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தான். இனி முகமூடி இல்லாமல் பெயிண்ட் புகையை இழுத்தால் உயிருக்கே உலை என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார். தாய் தகப்பன் போனபிறகு அவனை வளர்த்தவள் என் மனைவி. வண்டியைக் கொண்டுபோன அன்று என்னோடு கேட் வரைக்கும் வந்தாள்.

"வண்டி எப்படி வந்தாலும் சரிங்க. முகமூடி போடாம அவன அந்தக் கூண்டுக்குள்ள விட்றாதீங்க. சொல்லிப்புட்டேன்."

அன்றிலிருந்து வண்டியை விட முகமூடியைத்தான் அதிகம் கவனித்தேன். நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவன் அதைக் கழுத்தில் தாயத்து மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு வேலை பார்த்தான். துருவைச் சுரண்டச் சுரண்டத் தரைத் தகடு பொலபொலவென்று உதிர்ந்தது. புதுத் தகடு வெட்டி வைத்து, பட்டி பூசி, நானும் லீவு போட்டுவிட்டுப் போய்த் தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வெளிப்பக்கம் கரும்பச்சை, இடுப்பில் வெண்ணெய் நிறத்தில் ஒரு பட்டை. திறந்த வெளியில் அடித்ததால் அதுவரைக்கும் நான் ஓரளவு நிம்மதியாகவே இருந்தேன்.

கூண்டின் உட்புறம்தான் பாக்கி. அதற்கு மனைவி கேட்டது இளமஞ்சள். சாலையில் லாரி போனால் புழுதி வந்து ஈரப் பெயிண்டில் அப்பிவிடும் என்பதால் உள்ளே அடிக்கும்போது ஜன்னலில் பேப்பர் ஒட்டி, பின்கதவையும் சாத்திவிடுவார்கள். ஒரு பக்கம் அடித்ததும் வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு, மறுபக்கத்துக்கு மறுபடி உள்ளே போவது அவன் வழக்கம். 

அந்தப் பட்டறை வரிசையில் இன்னொரு வழக்கமும் உண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பாய் சாம்பிராணி போட வருவார். கையில் தணல் நிறைந்த தூபக்கால், தோளில் மயிலிறகு விசிறி. சாமி படம் மாட்டிய பட்டறை, மாதா படம் மாட்டிய பட்டறை என்றெல்லாம் பார்க்கமாட்டார். வண்டி வண்டியாகச் சுற்றி வந்து, கதவைத் திறந்து உள்ளேயும் புகையைத் தள்ளிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போவார். புதுப் பெயிண்ட் பூசிய வண்டி என்றால் கண் பட்டுவிடும் என்று கூடக் கொஞ்ச நேரம் நிற்பார். அதனாலேயே மச்சினன் வியாழக்கிழமை சாயங்காலம் பெயிண்ட் பீய்ச்சும் கன்னைத் தொடுவதில்லை. அந்த வாரம் மழை விடாமல் பெய்து வேலை தள்ளிப்போய், வெயில் எட்டிப்பார்த்த சந்தோஷத்தில் இரண்டு பேருமே கிழமையை மறந்துபோனோம்.

என் கண் முன்னால் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். நான் வெளியே நின்று கன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். உஸ்ஸென்று சத்தம் வந்தால் அவன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். நடுநடுவே நிற்கும், எனக்கும் மூச்சு நிற்கும், மறுபடி வரும். பிறகு ஒருமுறை நின்றது, வரவே இல்லை. கதவு திறக்கும் என்று பார்த்தேன், திறக்கவில்லை. "மாப்ள" என்று கூப்பிட்டேன். கம்ப்ரசர்தான் தடதடத்தது.

கதவுப் பிடியில் கையை வைத்துவிட்டேன். அப்போதுதான் சாம்பிராணி வாசம் வந்தது. திரும்பினால் பாய், தணலை ஆட்டியபடி நேராகக் கூண்டைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறார். கதவைத் திறந்தால் பெயிண்டில் கலந்து உள்ளே அடைந்துகிடக்கும் தின்னர் ஆவி மொத்தமும் அந்த நெருப்பின் மேல்தான் வந்து விழும். திறக்காவிட்டால் உள்ளே இருப்பவன் கதி என்ன?

"மாஷா அல்லா, வண்டி புதுசு கணக்கா இருக்கே. தெறங்க தம்பி, உள்ள ஒரு சுத்துச் சுத்திருவோம்" என்றார் பாய்.

  இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி அவர் முன்னால் நின்றேன்.

"பாய், தின்னரு. உள்ள என் மாப்ள கெடக்கான்."

அந்த மனிதருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தூபக்காலை அப்படியே வீசியிருந்தால் பொறி பறந்திருக்கும், ஓடியிருந்தால் காற்றுப்பட்டுத் தணல் கனிந்திருக்கும். விசிறியைக் கீழே போட்டுவிட்டு, தூபக்காலை வயிற்றோடு அணைத்த மாதிரி பிடித்து, முதுகைக் காட்டி மெதுவாக நடந்தார். சாலை ஓரத்தில் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளம்வரைக்கும் அப்படியே நடந்தார். நான் கதவுக்குத் திரும்பி வந்து, பிடியில் கையை வைத்துக்கொண்டு அவர் நடப்பதையே பார்த்து நின்றேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் ஒன்றை நான் அறியேன். தணல் தண்ணீரில் விழுந்து சொய்யென்றதும் கதவைப் பிடுங்கித் திறந்தேன்.

முகத்தில் அறைந்தது நெடி. மச்சினன் சக்கரத்துக்கு மேலே புடைத்திருந்த தகட்டு மேட்டில் சாய்ந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. முகமூடி கழுத்துக்கு இறங்கியிருந்தது. ஈரப் பெயிண்டில் முட்டி போட்டு ஏறி அக்குளில் கை கொடுத்து இழுத்தேன், ஓடி வந்த பாய் காலைப் பிடித்தார். ஈர மண்ணில் கிடத்தி, "யா அல்லா, யா அல்லா" என்றபடி அந்த மயிலிறகாலேயே அவன் முகத்துக்கு விசிறினார். வீட்டில் என்ன பதில் சொல்வது என்ற பயம்தான் இத்தனை நாளும் எனக்கு என்று நினைத்திருந்தேன். அந்த நேரத்தில் வீடும் இல்லை, மனைவியும் இல்லை. இந்தப் பயல் இல்லாமல் நான் யாரோடு சண்டை போடுவேன் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். கண் விழித்ததும் என் பேன்ட் முட்டியில் இருந்த மஞ்சளைப் பார்த்தான்.

"பெயிண்ட்ட மிதிச்சுக் கெடுத்துட்டீங்களா மாமா. எம்புட்டுக் கஷ்டப்பட்டு அடிச்சேன்."

"செருப்பு பிஞ்சிரும். பேசாமப் படு" என்றேன். 

மனைவி வந்தாள். தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், முடியைக் கோதிவிட்டாள். எனக்கு விழப்போகும் ஏச்சுக்காகச் சுவரோடு ஒட்டி நின்றேன். என் கையைப் பார்த்தாள். "ஏங்க இப்படி நடுங்குறீங்க, மொதல்ல உக்காருங்க" என்றாள். 

இப்போது நாங்கள் அந்த வண்டியில் போகாத ஊரில்லை. கூண்டுக்குள் ஒரு பக்கம் இளமஞ்சள். மறுபக்கம் பிரைமர் அடித்த சாம்பல் நிறத்தோடு அப்படியே நிற்கிறது. வேறு ஆளை வைத்து அடித்திருக்கலாம். அந்த ஆளுக்கும் ஓர் அக்கா இருப்பாள் என்று விட்டுவிட்டேன். பார்க்கிறவர்கள் காரணம் கேட்டால், அதுதான் இப்போதைய ஃபேஷன் என்று வாய் கூசாமல் சொல்லிவிடுவேன். மச்சினனுக்குத்தான் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அதையே சொல்வான்.

"சாவியக் குடுங்க மாமா. அரை நாள் வேலை, முடிச்சுத் தாரேன். பாக்குறவன் என்னையத்தான் காறித் துப்புவான்."

நான் வாயைத் திறக்குமுன் அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வரும்.

"துப்பிட்டுப் போறான். நீ வந்து சாப்புடு."