பூமாலை பார்க்காத புல்வெளி

1993ஆம் ஆண்டு, கோடை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் பூமாலையை முதன்முதலாகப் பார்த்தேன். திண்டிவனத்தில் நான் ஆசிரியையாக இருந்த பள்ளியில் மகள் வேணியை முதல் வகுப்பில் சேர்ப்பதற்காகப் பெருமுக்கல் கிராமத்திலிருந்து வந்திருந்தார். மல்லாட்டைக் கொல்லையில் நிலக்கடலைச் செடிகளுக்கிடையே களையெடுத்துவிட்டு நேரே வந்ததால், விரலிடுக்குகளில் செம்மண் இன்னும் காயவில்லை.

பதினேழு ஆண்டுகள் கழித்து, கணினியில் அனிமேஷன் எனும் உயிரூட்டப் படங்கள் தயாரிக்கும் சென்னை நிறுவனமொன்றில் வேணி வேலைக்குச் சேர்ந்தாள். படத்தில் வரும் தரையில் புல்லையும் செடியையும் முளைக்கச் செய்து, அவற்றைக் காற்றில் அசைய வைப்பதே அவளுடைய பணி. விடுமுறையில் வந்தபோது, பயிற்சிக்காகச் செய்த அரை நிமிடக் காட்சியொன்றைத் தாய்க்குக் காட்டினாள்.

"நான் காலம்பூரா புல்லைப் பிடுங்கிக்கினு இருந்தேன். இவ இன்னான்னா நட்டுக்கினு இருக்கா!" என்று பூமாலை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அதன்பின், தொலைக்காட்சியில் அத்தகைய படம் எது வந்தாலும் அவர் விடுவதில்லை. முதலில் தரையை மட்டுமே பார்ப்பார். "மேட்டுல போயி கோரை வச்சிருக்கான் டீச்சரம்மா. அங்க எப்படி வரும்?" என்பார். நாளடைவில் கதைக்காகவும் கண் கலங்கினார்.

"பேரன் எடுக்கிற வயசுல பொம்மைப் படமா, பூமாலை?" என்று கேலி செய்தவள் நான்.

"பொம்மைதான். ஆனா அது அழுதா எனக்குல்ல கண்ணுல தண்ணி வருது!"

2013இல், வேணி பணியாற்றிய படம் தமிழில் விழுப்புரத்துக்கு வந்தது. காலைக் காட்சி மட்டும்.

"நீங்க எழுத்து சொல்லிக் குடுத்த பொண்ணு பண்ணது. உங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும். வர்றீங்களா?"

"வெயில் தாழட்டும். அடுத்த வாரம் போகலாம்" என்றேன்.

வெயில் காரணமன்று. பொம்மைப் படம் பார்க்கச் சென்ற என்னைப் பழைய மாணவர் எவரேனும் கண்டுவிடுவரோ என்ற கூச்சமே காரணம். ஐம்பது நாள், நூறு நாள் ஓடும் படங்களைக் கண்டு பழகிய எனக்கு, வெள்ளிக்கிழமையே படம் மாறிவிடும் என்று தோன்றவில்லை.

புதன்கிழமை, கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்து பூமாலை இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை படம் மாறியது. சனிக்கிழமை மருத்துவமனைக்குச் சென்றேன்.

"படத்தைத் தூக்கிட்டாங்களாமே. நீங்களாச்சும் பாத்தீங்களா?"

வகுப்பில் பொய்யை மட்டும் ஒருபோதும் மன்னிக்காத நான், "பார்த்தேன்" என்றேன்.

"புல்லு ஆடுச்சா?"

"நல்லா ஆடிச்சு, பூமாலை."

அவர் முகம் மலர்ந்தது. அந்த மருத்துவமனையிலிருந்து அவர் வீடு திரும்பவில்லை. அன்று கண்களை மூடிக்கொண்டு அவர் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு, வாய்க்கு வந்த ஒரு திசையைச் சொல்லவும் எனக்குத் துணிவு வரவில்லை.

"காத்து எந்தப் பக்கத்துலருந்து அடிச்சுது, டீச்சரம்மா?"